உணவுப்பாதைக்குள் இயங்கும் மின்கத்திகள்

உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் தோன்றும் புற்றுநோய், சுவரின் உள்ளடுக்கான சளிச்சவ்வைத் தாண்டாத நிலையிலேயே கண்டறியப்பட்டால், அது நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவாதலால், வாய்வழியே செலுத்தப்படும் உள்நோக்கியின் துணைகொண்டு, உறுப்பை வெட்டியெடுக்காமலேயே கட்டியை மட்டும் நீக்கிவிட இயலுகிறது.

முதலில் பரவிய முறையில், கட்டியின் அடியில் உப்புநீரைச் செலுத்தி அதனை மேலெழுப்பி, கம்பிச் சுருக்கால் இறுக்கி, மின்சாரம் பாய்ச்சி அறுத்தனர். ஏறத்தாழ 2 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகள் இம்முறையில் பெரும்பாலும் துண்டுதுண்டாகவே வெளிவந்தமையால், விளிம்பில் நோய் எஞ்சியுள்ளதா என்பதை நுண்ணோக்கியில் உறுதிசெய்வது கடினமாயிற்று; நோய் மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. இக்குறையைப் போக்க, மின்கத்தியால் கட்டியைச் சுற்றி வெட்டி, சளிச்சவ்வுக்கும் தசைக்கும் இடைப்பட்ட அடியடுக்கைப் பிரித்து, முழுவதையும் ஒரே துண்டாக எடுக்கும் முறை 1990களில் ஜப்பானில் உருவாயிற்று.

இம்முறையின் பேரிடர், கத்தி தசையடுக்கைத் துளைத்துவிடுவதாகும். ஊசிமுனைக் கத்தியில் இவ்விடர் மிகுதியாயிருந்தமையால், அதன் நுனியில் மின்சாரம் கடத்தாத பீங்கான் குமிழைப் பொருத்திய கத்தியை டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மைய மருத்துவர்கள் வடிவமைத்தனர். நுனி காக்கப்படுவதால் அலகின் பக்கவாட்டால் நீளமாக இழுத்து விரைவாக வெட்டலாம். இடம் விரிந்த இரைப்பைக்கு இது பெரிதும் ஏற்றது. ஆயினும் குமிழ் நுழைவதற்கு முதலில் வேறு கத்தியால் துளையிட வேண்டும். நேர் முன்னோக்கி வெட்டவும் இயலாது.

உணவுக்குழாயோ குறுகியது, அதன் சுவர் மெலிது, வெளியுறையும் அதற்கில்லை, இதயத் துடிப்பாலும் மூச்சாலும் அது ஓயாது அசைகிறது. ஆகவே அங்கே, வளைந்த முனையால் இழைகளைப் பற்றி, தசையினின்று விலக்கி இழுத்த பின்னரே வெட்டும் கொக்கிக் கத்தி பயன்படுகிறது. இரட்டை நிலைக் கத்தியில் வெளிநீளும் முனை 2 மி.மீ. அல்லது 1.5 மி.மீ. மட்டுமே என்பதால் வெட்டின் ஆழம் கட்டுக்குள் நிற்கிறது. எல்லை குறிப்பதிலிருந்து பிரித்தெடுப்பது வரை இதனால் செய்யலாம். நுனியிலிருந்தே நீரைப் பாய்ச்சும் கத்தி, குருதியைக் கழுவுவதற்காகக் கருவியை மாற்ற வேண்டிய தேவையைக் குறைக்கிறது. கத்தரி வடிவக் கருவிகள், பற்றிய திசுவைச் சரிபார்த்த பின்னரே வெட்ட இடந்தருவதால், பயிற்சி குறைந்த கைகளுக்கும் பாதுகாப்பளிக்கின்றன. ஆனால் வேலை மெதுவாகவே நகரும்.

ஆகவே இவற்றுள் எது சிறந்தது என்பதற்கு ஒரே விடையில்லை. பாதுகாப்பைக் கூட்டிய கருவி வேகத்தையோ வீச்சையோ ஓரளவு இழக்கிறது. சுவரின் தடிமன், கட்டியின் இடம், அடியடுக்கில் தழும்பு இருந்தால் அதன் இறுக்கம், மருத்துவரின் பழக்கம் ஆகியவையே தேர்வைத் தீர்மானிக்கின்றன. எக்கருவியானாலும், கட்டி முழுமையாகவும் நோயற்ற விளிம்புடனும் வெளிவருவதே வெற்றியின் அளவுகோல். அதற்கு நோய் ஆழமாக இறங்குமுன் கண்டறியப்பட்டிருத்தல் முதல் நிபந்தனை.