விரல் எழும் வேகம்

கவுண்டர் ஸ்டிரைக், வாலரண்ட் முதலிய கணினி விளையாட்டுகளில் ஒரு நியதி உண்டு: ஓடிக்கொண்டே சுடுகிறவருடைய குண்டு குறியில் விழாது, நின்று சுடுகிறவருடைய குண்டே விழும். ஆகவே, சுவரின் மறைவிலிருந்து வலப்புறமாக ஓடி வெளிப்படும் ஆட்டக்காரர், எதிரியைக் கண்ட மாத்திரத்தில் தம் ஓட்டத்தை அடக்கியாக வேண்டும். கவுண்டர் ஸ்டிரைக்கில் அதற்கு அவர் கையாளும் யுக்தி, வலப்புறம் செல்வதற்குரிய டி விசையிலிருந்து ஒரு விரலை எடுத்து, அதே தருணத்தில் இடப்புறத்துக்குரிய ஏ விசையை இன்னொரு விரலால் ஒரு தட்டுத் தட்டுவதாகும். ஓட்டம் சட்டென்று நிற்கும். அந்த நிலையில் மவுஸை அழுத்தினால் குறி தவறாது. ஆட்டக்காரர்கள் கவுண்டர் ஸ்டிரேஃப் என்று வழங்கும் இந்தச் சிறு வித்தை ஓர் ஆட்டத்துக்குள்ளேயே எத்தனையோ முறை நிகழ்வது. அதில் விசையை அழுத்துவதற்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு விசையிலிருந்து விரலை எடுப்பதற்கும் உண்டு என்பதைக் கவனித்தவர்களுக்கு, போட்டிக்கென்று கீபோர்டு வாங்கும் விஷயத்தில் பாதிச் சூட்சுமம் விளங்கிவிட்டதென்றே சொல்லலாம்.

மிருதங்கத்தில் விரல் தோலின்மேல் விழுவதைப் போலவே அதிலிருந்து எழுவதும் நாதத்தை நிர்ணயிக்கிறது, கீபோர்டிலும் அப்படியே. அலுவலகங்களிலும் வீடுகளிலும் நாம் சாதாரணமாகக் காணும் மெம்பிரேன் கீபோர்டில், ஒவ்வொரு விசைக்கும் அடியில் ரப்பரால் ஆன ஒரு சிறு குமிழ் இருக்கிறது. அந்தக் குமிழ் நசுங்கி இறங்கினாலன்றி, கீழே உள்ள பிளாஸ்டிக் ஏடுகளில் பதித்த மின்பாதைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. நாளடைவில் ரப்பர் தளர்ந்துவிட்டால், விரலை எடுத்த பின்னும் விசை மந்தகதியிலேயே மேலெழும். மெக்கானிக்கல் கீபோர்டிலோ, ஒவ்வொரு விசைக்கும் ஸ்விட்ச் என்னும் தனி யந்திரம் ஒன்று அமைந்திருக்கிறது. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் வெளியிட்ட எம்எக்ஸ் ஸ்விட்ச்சே இன்று விற்பனையாகும் பெரும்பாலானவற்றுக்கு முன்மாதிரி. அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு, கேட்டரான், கெய்ல் முதலிய சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் பற்பல வகைகளைச் செய்து விலையையும் குறைத்துவிட்டன.

அந்த ஸ்விட்ச் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், சிலுவை வடிவான முனையுடைய ஒரு பிளாஸ்டிக் தண்டும், அதைத் தாங்கி நிற்கும் ஓர் உலோக ஸ்பிரிங்கும், பக்கத்தில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளும் காணப்படும். தண்டு மேலே நிற்கும்போது அதன் பக்கத்துப் புடைப்பு அத்தகடுகளைச் சேரவிடாமல் பிரித்து வைத்திருக்கிறது. தண்டு இறங்கப் புடைப்பு விலகி, தகடுகள் சேர்ந்து, மின்சாரம் பாய்கிறது. தண்டின் நிறத்தைக் கொண்டே இவற்றுக்குப் பெயர் வழங்குகிறார்கள். சிவப்பு ஸ்விட்ச் தங்குதடையின்றி இறங்குவது. லீனியர் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அதன் முழு ஓட்டம் 4 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் இறங்கியதும், ஏறக்குறைய 45 கிராம் எடையின் அழுத்தத்தில் அது கணினிக்குச் செய்தி சொல்லிவிடும். பழுப்பு ஸ்விட்ச் வழியில் ஒரு சிறு தடங்கலை விரலுக்கு உணர்த்தும். நீல ஸ்விட்ச் அத்துடன் டிக் என்ற ஓசையும் எழுப்பும். எழுத்து வேலை செய்பவர்களுக்கு இந்த ஓசையும் தடங்கலும் உவப்பானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நீல ஸ்விட்ச்சில், செய்தி எழும் இடத்தைவிடச் செய்தி அறும் இடம் சற்று மேலே இருக்கிறது. ஒரு தடவை அழுத்தியவர் மறு தடவை அழுத்துவதற்குமுன் விரலை அவ்வளவு தூரம் கூடுதலாக உயர்த்த வேண்டியிருக்கிறது. போட்டி ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சிவப்பையோ, 1.2 மில்லிமீட்டரிலேயே செய்தி சொல்லும் வெள்ளி நிறத்து ஸ்பீடு ஸ்விட்ச்சையோ நாடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

உலோகத் தகடுகளுக்கு மற்றொரு சுபாவமும் உண்டு. இரண்டும் மோதும்போது ஒரே தடவையில் அடங்கிவிடாமல், சில மில்லி விநாடி நேரம் துள்ளித் துள்ளித் தொடுகின்றன. அதை அப்படியே விட்டால் ஓர் எழுத்து இரண்டாகவும் மூன்றாகவும் விழும். அதனால் கீபோர்டின் உள்ளே இருக்கும் சிப், துள்ளல் அடங்கும்வரை பொறுத்திருக்குமாறு அமைக்கப்படுகிறது. இந்தப் பொறுமையும், செய்தி எழும் இடம் மாற்றமுடியாதபடி நிலைபெற்றிருப்பதும் தகடு ஸ்விட்ச்சின் எல்லைகள்.

அவ்வெல்லைகளைக் கடப்பதற்குத் துணைசெய்த தத்துவம் மிகவும் பழையது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் பயின்ற எட்வின் ஹால் என்பவர், மின்சாரம் பாயும் உலோகத்தின் அருகே காந்தத்தைக் கொண்டுவந்தால் அதன் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது என்பதை 1879-இல் கண்டறிந்தார். ஹால் எஃபெக்ட் கீபோர்டுகளில் தண்டின் அடியில் ஒரு காந்தமும், அதற்கு நேர்கீழே பலகையில் ஓர் உணரியும் இருக்கின்றன. ஒன்றையொன்று தொடும் தகடுகளே இல்லையாதலால் துள்ளலும் இல்லை. அதைக் காட்டிலும் விசேஷமானது, தண்டு எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை உணரி இடைவிடாது அறிந்துகொண்டே இருப்பதுதான். நெதர்லாந்தைச் சேர்ந்த வூட்டிங் என்னும் சிறு நிறுவனம் இதைக் கொண்டு ராபிட் டிரிகர் என்ற ஏற்பாட்டைப் பிரபலமாக்கிற்று. சாதாரண ஸ்விட்ச்சில் அடிவரை அழுத்திய விசை, நடுவழியில் உள்ள எல்லையைத் தாண்டி மேலே வந்தால்தான் அணைந்ததாகக் கொள்ளப்படும். அவ்வளவு நேரமும், விரலை எடுத்துவிட்ட ஆட்டக்காரர் திரையில் இன்னும் ஓடிக்கொண்டே இருப்பார். ராபிட் டிரிகரிலோ, விரல் எந்த ஆழத்திலிருந்து சிறிதளவு உயரத் தொடங்கினாலும் விசை அந்த இடத்திலேயே அணைந்துவிடுகிறது. முதலில் சொன்ன ஓட்டத்தை நிறுத்தும் வித்தைக்கு இதைவிட அநுகூலமான சாதனம் வேறில்லை. துப்பாக்கி விளையாட்டுகளில் தீவிரமாகப் போட்டியிடுகிறவர்கள் இவ்வகைக்கு மாறிவருவதும் இது பற்றியே. ஆனால் ஓர் எச்சரிக்கை: செய்தி எழும் ஆழத்தை 0.1 மில்லிமீட்டருக்குக் குறைத்து வைத்தால், விசையின்மேல் சும்மா இளைப்பாறும் விரலே ஆட்டக்காரரை இழுத்துக்கொண்டு ஓடும். கனத்த விரலுடையவர்கள் 1 மில்லிமீட்டருக்கு அருகில் தொடங்கிப் பழகப் பழகக் குறைத்துக்கொள்வது உசிதம்.

சாதனம் கைக்கு உதவுவதற்கும் கைக்குப் பதிலாகத் தானே ஆடுவதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. ரேசர் நிறுவனம் 2024 ஜூலையில் ஸ்னாப் டாப் என்ற ஒரு வசதியை வெளியிட்டது. ஏ, டி ஆகிய இரண்டு விசைகளும் ஒருங்கே அழுந்தியிருந்தாலும், பின்னால் அழுத்தியது எதுவோ அதையே கீபோர்டு ஏற்றுக்கொள்ளும். முன்னதிலிருந்து விரலை உரிய வேளையில் எடுக்கவேண்டிய பிரயாசையே அதனால் இல்லாமற்போயிற்று. பல்லாண்டுப் பயிற்சியால் வரவேண்டிய திறமையை யந்திரமே செய்து கொடுக்கிறது என்ற ஆட்சேபம் எழுந்தது. மறுமாதமே வால்வ் நிறுவனம் தன் கவுண்டர் ஸ்டிரைக் 2 விளையாட்டின் அதிகாரபூர்வமான சர்வர்களில் இத்தகைய வசதிகளைப் பயன்படுத்துகிறவர்களை வெளியேற்றத் தொடங்கிற்று. ராபிட் டிரிகருக்கு அந்தத் தடை இல்லை. ஏனெனில் அது விரல் செய்ததை விரைவாகத் தெரிவிக்கிறதேயன்றி, விரல் செய்யாததைச் செய்வதில்லை. ஆகையால், புதுக் கீபோர்டு வாங்குகிறவர் அதில் என்னென்ன வசதி இருக்கிறதென்று பார்ப்பதோடு, அவற்றில் எவையெவை தம் போட்டியில் அனுமதிக்கப்படுகின்றன என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் காணப்படும் போலிங் ரேட் என்னும் எண், கீபோர்டு விநாடிக்கு எத்தனை முறை கணினிக்குச் செய்தி அனுப்பக்கூடும் என்பதைக் குறிக்கிறது. 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லி விநாடிக்கு ஒரு தடவை. 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லி விநாடிக்கு ஒரு தடவை. முன்னதிலிருந்து பின்னதற்கு மாறுவதில் பிரயோஜனம் உண்டு. 8000 ஹெர்ட்ஸுக்குச் செல்வதால் மிஞ்சுவது ஒரு மில்லி விநாடிக்கும் குறைவே. கண்ணால் கண்டு கை அசைவதற்கே மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லி விநாடி ஆகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண்ணுக்காக மிகுந்த பணம் கொடுப்பது அவ்வளவு அவசியமன்று என்பது புலனாகும்.

இதைவிட முக்கியமாகச் சோதிக்கவேண்டியது, பல விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அத்தனையும் பதிவாகின்றனவா என்பதே. முன்னே ஓடிக்கொண்டு, பக்கம் சாய்ந்து, குனிந்து, குதிக்கும் ஆட்டக்காரருக்கு நான்கு விசைகள் ஒரே சமயத்தில் தேவைப்படும். மலிவான கீபோர்டுகள் சில சேர்க்கைகளில் ஒன்றை விழுங்கிவிடும். என்-கீ ரோல்ஓவர் என்று குறித்திருந்தால் அந்தக் கவலை இல்லை. அடுத்தபடியாக அளவு. 104 விசைகளுள்ள முழுக் கீபோர்டு மேஜையில் மவுஸுக்குரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. மவுஸின் வேகத்தைக் குறைத்து வைத்துக் கையை வீசி ஆடுகிறவர்களுக்கு எண்பகுதி நீங்கிய 87 விசைக் கீபோர்டோ, 61 விசைக் கீபோர்டோ சௌகரியம். பல கட்டளைகளை ஆளவேண்டிய வியூக விளையாட்டுகளை ஆடுகிறவர்கள் மட்டும், எஃப் வரிசை இல்லாத 61 விசை தங்களுக்குப் போதுமா என்று யோசித்துக்கொள்ள வேண்டும். விசை மூடிகளில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் விரைவில் வழவழப்பாகி மினுங்கும். பிபிடி பிளாஸ்டிக் வியர்வைக்கும் தேய்மானத்துக்கும் அதிகம் தாங்கும்.

தென்கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டு கொடிகட்டிப் பறந்த காலத்தில், நிமிஷத்துக்கு 300 கட்டளைகளுக்கு மேல் பிறப்பித்த தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் உபயோகித்தது, டிடி-35 என்னும் மலிவான மெம்பிரேன் கீபோர்டையே. விரலுக்குப் பழகிய கருவியின் மகிமைக்கு இது போதிய சாட்சி. ஆதலால், புதிதாக இத்துறையில் புகும் மாணவர், ஸ்விட்ச்சைக் கழற்றி மாற்றக்கூடிய ஹாட்ஸ்வாப் அமைப்புள்ள, சிவப்பு லீனியர் ஸ்விட்ச் பொருத்திய, ஒயர் வைத்த ஒரு 87 விசைக் கீபோர்டோடு தொடங்குவதில் குறைவொன்றும் இல்லை. துப்பாக்கி விளையாட்டில் போட்டியிடும் தகுதியை அடைந்த பிறகு ஹால் எஃபெக்டுக்கு மாறலாம். அதற்குமுன் அவர் தம்முடைய திரையையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏறத்தாழ 17 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் புதுப் படம் காட்டுகிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 7 மில்லி விநாடிக்கு ஒரு முறை காட்டுகிறது. கையிலிருக்கும் பணம் ஒன்றுக்கே போதுமானால், அதை முதலில் மானிட்டருக்குச் செலவிடுவதே விவேகம்.