சாரல் மண் – 7: பச்சைக்குள் எத்தனை புல்

ஆனி பிறந்ததும் தென்காசியின் மேற்கே மலைத்தலையில் மேகம் இறங்கும். சாரல் விழுந்த ஒரு வாரத்தில் குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் தரை பச்சை கட்டிவிடும். அதே நாளில் கிழக்கே சுரண்டை தாண்டினால் காற்று மட்டும்தான். சங்கரன்கோவில் கரிசலில் புல் தலைகாட்ட ஐப்பசி மழை வர வேண்டும். மலையைத் தாண்டி ஈரக்காற்றைத் தென்காசிப் பக்கம் விடுகிற, சென்ற வாரம் பார்த்த ஆரியங்காவுக் கணவாயின் வேலை இது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இரண்டு மழைக்காலம் இருப்பதால், இங்கே முந்திப் பூக்கிற புல்லுக்கும் இடமுண்டு, பிந்திப் பூக்கிற புல்லுக்கும் இடமுண்டு.

ஒரு வெளியில் எத்தனை வகைப் புல் என்று எண்ணுவது ஒரு கணக்கு. அவை எத்தனை விதமாகப் பிழைக்கின்றன என்பது அதைவிட முக்கியமான கணக்கு. அருகு தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும்; மிதித்தாலும் கடித்தாலும் மீளும். கொழுக்கட்டைப் புல் வேரை ஆழமாக இறக்கி வறட்சியைக் கடக்கும். மயில்கொண்டைப் புல் சீக்கிரமே பூத்து விதையைக் காற்றில் விட்டுவிடும். உயரம், இலையின் தடிப்பு, வேரின் ஆழம், பூக்கும் மாதம், மாட்டுக்குப் பிடிக்கிற சுவை ஆகியவற்றைத்தான் தாவரவியலில் பண்புகள் என்கிறார்கள்.

ஊசிப்புல்லின் முற்றிய விதை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கூரான முள், அதில் பின்னோக்கிச் சாய்ந்த மயிர்கள். மறுமுனையில் முறுக்கிய கறுத்த வால். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வால் மெல்லச் சுழன்று முறுக்கவிழும். காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். ஈரமும் வெயிலும் மாறி மாறி வர, விதை தன்னைத்தானே மண்ணுக்குள் திருகிக்கொள்கிறது. கோடைத் தீ மேலே ஓடும்போது அது பத்திரமாக உள்ளே இருக்கும். இதே ஊசி ஆட்டின் தோலிலும் ஏறும் என்பதால், முற்றிய பருவத்தில் அந்தப் பக்கம் மந்தையை ஓட்டுவது நல்லதல்ல. இளசாக இருக்கும்போதோ ஆடு மாடு விரும்பித் தின்கிற புல் அது.

இப்படிப்பட்ட வெளியில் ஒரே ஒரு புல் கை ஓங்கினால் என்ன ஆகும்? தென்காசிக்குத் தெற்கே, கடையம் மலைகளையும் சேர்த்துக்கொண்டு கிடக்கிறது களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்குள்ள புல்வெளிகளில் ஆளுயரம் வளரும் எலுமிச்சைப் புல் பரவிக் கிடக்கிறது. தைலத்துக்கு மணம் தரும் சிட்ரால்தான் அதற்குக் காவல். மானும் மாடும் எளிதில் வாய் வைக்காது. சூழலியலாளர் மகேஷ் சங்கரன் இந்த வெளிகளில் தீயும் மேய்ச்சலும் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்து 2005இல் கட்டுரை வெளியிட்டார். கேள்வி பார்வைக்குத்தான் எளிது. மாடுகள் சுவையான புல்லைப் பொறுக்கித் தின்றால், சுவையற்ற புல் பெருகும். மாடே வராவிட்டால், உயரமான புல் நிழல் போட்டுக் குட்டைப் புல்லை அமுக்கும். இரண்டு வழியிலும் எலுமிச்சைப் புல்லுக்கே ஆதாயம். 1988இல் புலிகள் காப்பகமான பிறகு மலையில் மாடு ஏறுவது படிப்படியாகக் குறைந்தது. அது காட்டுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேலி போட்டு விட்டுவிட்டால் புல்வெளி தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. எந்த மாதம் தீ, எத்தனை வாய் மேய்ச்சல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேய்ச்சல் மட்டுமல்ல, உரமும் சில புற்களின் கையை ஓங்க வைக்கும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1856 முதல் ஒரே புல்வெளியில் உரச் சோதனை நடக்கிறது. உரமே போடாத பாத்திகளில் பலவகைச் செடிகள் சேர்ந்து வாழ்கின்றன. தழைச்சத்து கொட்டிய பாத்திகளில் நெடும்புற்கள் சில மட்டும் மிஞ்சின. விளைச்சல் கூடியது, பச்சையும் கூடியது. வகை போய்விட்டது.

நம் பக்கம் இன்னொரு மாற்றமும் சேர்கிறது: காற்றில் கரியமில வாயு கூடுகிறது. நம் சமவெளிப் புற்களில் பெரும்பாலானவை கொளுத்தும் வெயிலுக்கென்றே அமைந்தவை. கரியமில வாயுவைத் தமக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்ளும் திறன் அவற்றுக்கு உண்டு. அதனால் காற்றில் அந்த வாயு கூடுவதால் அவற்றுக்குப் பெரிய லாபமில்லை. லாபம் உண்ணிச்செடிக்கும் சீமைக்கருவேலுக்கும். நிழல் விழுந்துவிட்டால் இந்தப் புற்கள் தாங்காது. போதாததற்கு நாமே மரம் நடுகிறோம். பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போனதற்கு முதன்மைக் காரணங்கள் தைல மரம், சீகை போன்ற மரத்தோட்டங்களும் விவசாயமும்தான்.

கரிசல் பக்கத்து மேய்ச்சல் புறம்போக்கில் மரக்கன்றுக்குக் குழி வெட்டும் முன், ஐப்பசி மழை பெய்து ஒரு மாதம் கழித்து, அங்கே என்னென்ன புல் முளைத்திருக்கிறது என்று ஊராட்சி ஒரு பட்டியல் எடுக்கட்டும். ஆடு மேய்க்கிறவர்களைக் கூட வைத்துக்கொண்டால் பெயரும் தெரியும், எதை எந்த மாதம் ஆடு தின்னும் என்பதும் தெரியும். இதற்குப் பெரிய செலவு இல்லை. சீமைக்கருவேலை வேரோடு பிடுங்கிய இடத்தில் முதலில் எந்தப் புல் வருகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)