நீண்ட சொல்லில் நான்கு எழுத்து

வீடு திரும்பும் நாளில் கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பலர் படிப்பதில்லை. ஸ்கேன் படங்கள் இருக்கும் பையிலேயே அதையும் மடித்து வைத்துவிடுகின்றனர். ஊருக்குச் சென்றபின் பள்ளியில் பயிலும் பேரனோ பேத்தியோ எடுத்து எழுத்துக்கூட்டத் தொடங்கிப் பாதியிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. ஆங்கிலம் நன்கு அறிந்தவர்களுக்கும் அச்சொற்கள் கரடுமுரடானவையே. அவற்றுள் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்து ஆங்கில எழுத்தில் அமர்ந்தவை.

ஆனால் முழுச் சொல்லையும் படித்தாக வேண்டும் என்பதில்லை. அதற்குள் குறிப்பிட்ட சில எழுத்துகள் இருக்கின்றனவா என்று தேடினாலே பாதி பொருள் விளங்கிவிடும். பள்ளியில் பகுதி, விகுதி என்று சொற்களைப் பிரித்துப் பழகிய நமக்கு இது புதிய வேலையன்று. வார்டுக்கு வெளியே காத்திருக்கும் பிள்ளைகளிடம் இதை ஒரு விளையாட்டாகவே கொடுக்கலாம்.

முதலில் ஐ, டி, ஐ, எஸ் என்ற நான்கு எழுத்துகள். ஒரு சொல் இவற்றில் முடிந்தால், ஓர் உறுப்பில் அழற்சி என்று பொருள். கேஸ்ட்ரைட்டிஸ் என்பது இரைப்பை அழற்சி. ஹெபடைட்டிஸ் என்பது கல்லீரல் அழற்சி. ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்னும் 14 எழுத்துச் சொல்லில் முன்னே எலும்பு, நடுவே மூட்டு, கடைசியில் அழற்சி. நம் முழங்கால் வலிக்குத்தான் இத்தனை நீளமான பெயர்.

அடுத்தது 'எக்டமி' என்னும் முடிவு. இது இருந்தால் ஏதோ ஓர் உறுப்பு அகற்றப்பட்டிருக்கிறது. கோலிசிஸ்டெக்டமி என்ற 15 எழுத்துச் சொல் பித்தப்பை அகற்றப்பட்டதைக் குறிக்கும். சில ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில், வேறொரு மருத்துவரிடம், "வயிற்றில் ஏதோ ஆபரேஷன் செய்தார்கள்" என்று மட்டும் சொல்லி நிற்காமல் அந்தத் தாளைக் காட்டினால் அவருக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும்.

நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்புவது சொல்லின் தொடக்கத்தில் வரும் ஓர் இணையைப் பற்றி. 'ஹைப்போ' என்றால் குறைவு. 'ஹைப்பர்' என்றால் மிகுதி. ஹெச், ஒய், பி என்ற முதல் மூன்று எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. நான்காவதாக ஓ வருகிறதா, ஈ வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஹைப்போகிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது. மக்கள் வழக்கில் 'லோ சுகர்'. ஹைப்பர்கிளைசீமியா என்றால் கூடிவிட்டது. ஒன்றை மற்றொன்றாகக் கருதி, சர்க்கரை குறைந்திருப்பவருக்கு மேலும் இன்சுலின் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே போய், வியர்த்து, கை நடுங்கினால், விழுங்கும் நிலையில் உள்ளவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

ஹைப்பர்டென்ஷன் என்ற சொல்லைக் கண்டு, "எனக்கு டென்ஷனே கிடையாதே" என்று சொல்வோர் உண்டு. அங்கே டென்ஷன் என்பது மனக்கவலையன்று, இரத்த அழுத்தம். அமைதியான மனிதருக்கும் அது வரும்.

இந்த விளையாட்டுக்கு எல்லையும் உண்டு. 'ஓமா' என்று முடியும் சொல்லைக் கண்டதும் புற்றுநோய் என்று சிலர் கலங்கிவிடுகின்றனர். கார்சினோமா புற்றுநோய்தான், ஆனால் லைப்போமா பெரும்பாலும் தீங்கில்லாத கொழுப்புக் கட்டி. கிளாக்கோமாவோ கட்டியே அன்று, கண் நோய். ஆகவே தேடிக் கண்டதை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஆங்கில அகராதிகளில் 45 எழுத்துகள் கொண்ட ஒரு நோய்ப் பெயர் இருக்கிறது: நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோப்பிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ். எரிமலையின் நுண்ணிய சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோய் என்று பொருள். இதை உருவாக்கியவர் மருத்துவர் அல்லர். 1935-இல் அமெரிக்காவின் தேசியப் புதிர் விரும்பிகள் சங்கத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித், மிக நீண்ட சொல் ஒன்று வேண்டும் என்பதற்காகவே கோத்தது இது. எந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இதை நீங்கள் காணப்போவதில்லை.

ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளே இருக்கும் 'சிலிக்கோ' நமக்கு அந்நியமன்று. பெரம்பலூரில் கல் குவாரிகளும் கிரஷர்களும், அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இருக்கின்றன. எரிமலை வேண்டியதில்லை, சிலிக்கா மிகுந்த கருங்கல்லை உடைக்கும் தூசியே போதும். அதனால் வரும் நோயின் பெயர் சிலிக்கோசிஸ், ஆங்கிலத்தில் 9 எழுத்துகள்தாம். நுரையீரலில் ஏற்பட்ட தழும்பை மாற்ற மருந்து இல்லை. ஆனால் தூசியைத் தவிர்த்தால் நோய் வராமல் தடுக்கலாம். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆனபின்னும் இது வெளிப்படலாம். இந்நோய் உள்ளவர்களைக் காசநோயும் எளிதில் பற்றும். இருமலும் மூச்சிரைப்பும் இரண்டிலும் இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடவும் கூடும்.

எனவே நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கையில் 'சிலிக்' என்றோ 'கோனியோ' என்றோ எழுத்துகள் தென்பட்டால் அதன் பொருளை மருத்துவரிடம் கேளுங்கள். அந்த எழுத்துகள் இல்லாவிட்டாலும், குவாரியிலோ கிரஷரிலோ வேலை பார்த்தவர் என்றால், எத்தனை ஆண்டுகள் பார்த்தார், எப்போது விட்டார் என்பதைப் புறநோயாளிச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள். அப்பா சொல்ல மறந்தால் உடன் வந்த பிள்ளைகள் சொல்லலாம்.