ஐரோப்பாவில் கார் எதற்கு?

ஷெங்கன் விசா ஒன்று கையில் இருந்தால் 29 நாடுகளுக்குள் போய்வரலாம். 180 நாட்களில் 90 நாட்கள் வரை தங்கலாம். இந்தத் தாராளமே ஐரோப்பாவில் கார் ஓட்டிச் சுற்ற ஆசைப்படும் நம் குடும்பங்கள் பலவற்றைத் தவறான திட்டத்துக்குள் தள்ளிவிடுகிறது. பாரிஸில் இறங்கி வண்டி எடுப்பது, ஆம்ஸ்டர்டாம், சூரிக், வெனிஸ் வழியாக ரோமில் விடுவது, இரண்டு வாரத்தில் ஏழு நாடுகள் என்று கணக்குப் போடுகிறார்கள். வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கார் எந்த இடத்தில் நமக்கு உதவுமோ அந்த இடத்துக்குப் போகாமல், எங்கே சுமையாகுமோ அங்கேயே அதை ஓட்டிக்கொண்டு போகிற திட்டம் இது. பெருநகரங்களுக்கு ரயில், ரயில் எட்டாத மலைகளுக்குக் கார் என்று முதலிலேயே பிரித்துக்கொள்வதுதான் சரி என்பேன்.

பாரிஸ்–சூரிக் பாதையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு ஊரிலும் தமிழர்கள் நிறையப் பேர் இருப்பதால், உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் யோசிப்பது இந்தப் பாதையைத்தான். சாலை வழி ஏறக்குறைய 650 கிலோமீட்டர். நிற்காமல் போனாலே ஆறரை மணி நேரம் ஆகும். சாப்பாடு, பெட்ரோல், குழந்தைகளுக்காக நிறுத்துவது எல்லாம் சேர்ந்தால் ஒரு பகல் முழுதும் போய்விடும். பிரான்சின் நெடுஞ்சாலைகளில் பெரும்பாலும் தூரத்துக்கு ஏற்பச் சுங்கம் கட்ட வேண்டும். சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏறினால் விக்னெட் என்னும் சாலை வில்லை வேண்டும். விலை 40 பிராங்க். அங்கே ஒரு நாள் வில்லை, ஒரு வார வில்லை என்று எதுவும் கிடையாது. ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ஓராண்டுக்கான பணத்தைக் கட்டியாக வேண்டும். அதே பயணத்தை டிஜிவி என்னும் அதிவேக ரயில் சுமார் நான்கு மணி நேரத்தில் முடித்து, உங்களை ஊர் நடுவிலேயே இறக்கிவிடுகிறது.

நேரம் மட்டும் அல்ல, உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் விலக்கு போக, ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு. நம்மவரோ வண்டியின் இடப்பக்கம் உட்கார்ந்து, சாலையின் வலப்பக்கம் ஓட்டி, வலது கையால் கியர் மாற்றப் பழக வேண்டியவர். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதியும் அவருக்குப் புதிது. இரண்டு நாளைக்கு ஒருமுறை எட்டு மணி நேரம் ஓட்டும் திட்டம் அவருக்குப் பொருந்தாது.

ஓட்டிப்போய்ச் சேர்ந்தாலும் நகரம் காரை வரவேற்பதில்லை. புளோரன்ஸ், ரோம், போலோக்னா போன்ற இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் வெளி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. தெருமுனையில் சிவப்பு விளிம்புள்ள வெள்ளை வட்டப் பலகை ஒன்று இருக்கும். கீழே, எந்த நேரத்தில் தடை என்று இத்தாலிய மொழியில் எழுதியிருக்கும். கம்பத்தில் கேமரா இருக்கும். குறுக்குக் கட்டையோ காவலரோ பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். கேமரா வண்டி எண்ணைப் பிடித்துக்கொள்ளும். வாடகை நிறுவனம் உங்கள் முகவரியை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்கென்று தனியாக ஒரு கட்டணத்தை உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்துக்கூட வீட்டுக்கு வரலாம். விடுதியைத் தேடி அதே தெருக்களில் சுற்றியிருந்தால் சீட்டுகளும் பலவாக வரும். வெனிஸுக்குள் கார் போகவே வழியில்லை; பியாஸ்ஸாலே ரோமா என்னும் முனையில் நிறுத்திவிட்டு, நிற்கும் வண்டிக்கு நாள்தோறும் பணம் கட்ட வேண்டும். ஜெர்மனியின் நகரங்கள் பலவற்றில் நுழையப் பச்சை நிற மாசு வில்லை ஒட்டியிருக்க வேண்டும்.

நாடுகளின் எண்ணிக்கை கூடக்கூடச் செலவும் சிக்கலும் கூடும். ஆஸ்திரியாவுக்கு ஒரு வில்லை, ஸ்லோவேனியாவுக்கு இன்னொன்று, இத்தாலியில் சுங்கச்சாவடி. ஜெர்மனியும் கார்களுக்குக் கட்டணம் கொண்டுவரப் பார்த்தது. அது மற்ற நாட்டவரைப் பாகுபடுத்துகிறது என்று 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் ஆட்டோபான் என்னும் அதன் நெடுஞ்சாலைகளில் இன்றும் கார்களுக்குச் சுங்கம் இல்லை. இவை எல்லாம் சேர்ந்தாலும், ஒரு நாட்டில் எடுத்த வண்டியை வேறு நாட்டில் விடுவதற்கான கட்டணத்துக்கு முன் சிறியவை. அது பல நூறு யூரோ வரை போகும். விசாவையும் மறக்கக்கூடாது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா இடத்திலும் இரண்டிரண்டு நாள் என்று போட்டால் எந்த வாசலில் நிற்பது என்பதே குழப்பம். எல்லைகள் மறைந்துவிட்டன என்று நம்பிப் பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டுக் கிளம்புவதும் கூடாது. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைக் கொண்டுவந்தது.

அப்படியானால் கார் எங்கே தேவை? ஆல்ப்ஸ் மலையில். மியூனிக்கில் எடுத்து மியூனிக்கிலேயே விடும் ஒரு சுற்று: சால்ஸ்பர்க், ஹால்ஸ்டாட், குரோஸ்குளோக்னர் மலைச்சாலை, டோலமைட் மலைகள், சோச்சா பள்ளத்தாக்கு, பிளெட் ஏரி. நான்கு நாடுகள், சுமார் 1,200 கிலோமீட்டர். பத்துப் பன்னிரண்டு நாளில் போனால் எந்த நாளும் நீண்ட ஓட்டமாகாது. 1935-இல் திறந்த குரோஸ்குளோக்னர் சாலை 48 கிலோமீட்டர் நீளம். 36 கொண்டை ஊசி வளைவுகளோடு 2,504 மீட்டர் வரை ஏறுகிறது. ஆஸ்திரிய வில்லை இங்கே செல்லாது, தனிக் கட்டணம். கொடுக்கலாம், ஏனென்றால் ரயில் இந்த மலைத்தொடரைச் சுரங்கத்துக்குள் நுழைந்து கடந்துவிடுகிறது, பனிமுகடுகளுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திப் போவது சாலையில்தான் முடியும். ஸ்லோவேனியாவின் விர்ஷிச் கணவாய் 1,611 மீட்டர் உயரம். 50 வளைவுகளுக்கும் எண் போட்டு, உயரத்தையும் எழுதிவைத்திருக்கிறார்கள். வடக்கே கிரான்ஸ்கா கோரா பக்கம் இறங்கும்போது வளைவுகளில் மட்டும் கருங்கல் பதித்திருப்பதால் சக்கரத்தின் சத்தமே மாறும். முதல் உலகப் போரில் ரஷ்யக் கைதிகளை வைத்துப் போட்ட சாலை இது. 1916 மார்ச்சில் பனிச்சரிவில் பலர் புதைந்து இறந்தார்கள். அவர்கள் நினைவாகச் சக கைதிகள் கட்டிய சிறிய மரத் தேவாலயம் சாலையோரம் நிற்கிறது. அங்கே வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் இருக்க வேண்டும். ஏழு நாட்டுத் திட்டத்தில் அந்த அரை மணிக்கு இடமே இருக்காது.

மறுபடி எப்போது போகப்போகிறோம், முடிந்த அளவு பார்த்துவிட வேண்டாமா என்பார்கள். விமானத்துக்கும் விசாவுக்கும் ஆகும் செலவை நினைத்தால் இது நியாயமான கேள்வி. அதனால்தான் சாலையில் கழியும் பகல்களை மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன். பாரிஸும் ரோமும் பட்டியலில் இருக்கட்டும், ரயிலில் போகலாம். ஐந்து பேருக்கு ரயில் கட்டணம் காரை விட அதிகம் என்பது அடுத்த வாதம். கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்தால் உண்மைதான். முன்கூட்டியே எடுத்தால் கட்டணம் வெகுவாகக் குறையும். கார்ச் செலவோடு சுங்கம், நிறுத்தக் கட்டணம், வேறு நாட்டில் விடும் கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். வயதான பெற்றோருக்கும் சைவச் சாப்பாட்டுக்கும் கார்தான் வசதி என்பதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வசதி, சமையலறை உள்ள ஒரு வீட்டில் மூன்று நான்கு இரவு தங்கி, அங்கிருந்து போய்வரும்போதுதான் கிடைக்கும். தினமும் பெட்டி கட்டினால் பெரியவர்களுக்குக் காரும் அலுப்புதான்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடியும் வரை போவது நல்லது. மற்ற மாதங்களில் பனியால் கணவாய்கள் மூடியிருக்கலாம். ஆர்டிஓ அலுவலகத்தில் ஓராண்டுக்குச் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கி, அசல் உரிமத்தோடு எடுத்துச் செல்லுங்கள். கியர் மாற்றத் தயங்குபவர்கள் ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டும் என்று முன்பே கேட்டுப் பதிவு செய்யுங்கள். எந்தெந்த நாட்டுக்குள் வண்டி போகலாம் என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுத்தில் பாருங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், உங்கள் பட்டியலை எடுத்து, ரயிலில் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பெருநகரங்களைக் கார்க் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் நாட்களுக்கு மட்டும் வண்டி எடுங்கள்.