விகிதாசாரத் தேர்தல் முறை: இந்திய விவாதம்

மக்களவைத் தேர்தலில் தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர். பாதிக்கு மேல் பெற வேண்டியதில்லை. 2014-இல் தமிழ்நாட்டில் சுமார் 44% வாக்கு பெற்ற அ.தி.மு.க., சேலம், நாமக்கல் உட்பட 39-இல் 37 இடங்களை வென்றது. ஏறத்தாழ 24% பெற்ற தி.மு.க.வுக்கு ஓரிடமும் இல்லை. வாக்கு விகிதப்படி பிரித்திருந்தால் முறையே 17, 9 இடங்கள் கிடைத்திருக்கும். 2019-இல் இவ்விரு தொகுதிகளும் தி.மு.க. அணிக்குச் சென்றன.

அரசியல் நிர்ணய சபையில் 1949-இல் காசி சையத் கரிமுதீன் விகிதாசார முறையைக் கோரினார். எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அது பொருந்தாது, ஆட்சியும் நிலைக்காது என்று அம்பேத்கர் மறுத்தார். முதல் காரணம் இன்று வலுவிழந்துவிட்டது, இரண்டாவது அப்படியல்ல. 1999-இல் சட்ட ஆணையம் தனது 170-ஆவது அறிக்கையில், தொகுதிகளை அப்படியே வைத்து, கூடுதலாக 25% இடங்களைக் கட்சிப் பட்டியல் வழியே நிரப்பலாம் என்றது. அது சட்டமாகவில்லை.