ஜாதுகரைக் காக்கவும் ஒரு படிப்பு

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் சௌரங்கியிலுள்ள ‘ஜாதுகர்’ என்னும் இந்திய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகாத கொல்கத்தாத் தமிழர் உண்டா? 1814-ல் தோன்றிய அங்கே எகிப்திய மம்மியைக் காட்டிவிட்டுத் திரும்புகிறோம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அவற்றைக் கெடாமல் காப்பது எப்படி என்று நாம் கேட்பதில்லை.

அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. கல்கத்தாப் பல்கலைக் கழகம் 1959-ல் அருங்காட்சியகவியல் துறையைத் தொடங்கியது. பழம்பொருளைப் பதிவு செய்வது, பூச்சியும் ஈரமும் அண்டாமல் காப்பது, பாமரருக்கும் விளங்கும்படி காட்சிக்கு வைப்பது ஆகியவற்றைப் பட்டதாரிகள் முதுநிலையில் பயிலலாம்.

“இது சோறு போடுமா?” என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இடங்கள் குறைவு, பொறுமையும் வேண்டும். ஆனால் இத்தொழிலின் அருமையைத் தமிழர் அறிய வேண்டும்.

தென்னாட்டுச் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சி 1821-ல் காலமானார். அவர் கல்லறை நம் பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. அவருடைய சேகரிப்புக்கு வில்சன் என்பவர் விரிவான பட்டியல் தயாரித்து 1828-ல் இதே நகரில் அச்சிட்டார். தமிழ்ச் சுவடிகள் பின்னர் சென்னைக்குத் திரும்பி, கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் சேர்ந்தன. பட்டியல் இல்லாத சுவடி வெறும் ஓலைக்கட்டுதானே!

வங்காளியில் சரளமாகப் பேசும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இரண்டும் கற்றவர் இத்துறைக்கு வந்தால் இரு மாநிலத்துக்கும் பயன். வீட்டில் ‘அ, ஆ’வை இன்றே தொடங்குவோமே!