எர்ல் கிரே தேநீர்: மணமும் நாணயமும்

ஒரு சரக்குடன் மற்றொரு சரக்கைச் சேர்த்து விற்பது கலப்படமா, கைத்திறனா என்னும் கேள்வி நெசவாளருக்கும் புதிதன்று, பயிரிடுவோருக்கும் புதிதன்று. பட்டுடன் பருத்தியைச் சேர்த்து நெய்த துணி நல்ல துணியே. அதையே சுத்தப் பட்டு என்று சொல்லி விற்றால் மோசடியாகிறது. துணி ஒன்றுதான், சொல் மாறியதால் வியாபாரத்தின் தன்மையே மாறிவிடுகின்றது. இவ்வுண்மையை விளக்குவதற்கு, மேல்நாட்டார் விரும்பிப் பருகும் ஒருவகைத் தேநீரின் வரலாறு மிகவும் ஏற்றதாக இருக்கின்றது. 'எர்ல் கிரே' என்னும் பெயரால் உலகெங்கும் வழங்கும் அத்தேநீரைப் பற்றிச் சில செய்திகளை இம்மாதம் நம் அங்கத்தினர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

எர்ல் கிரே என்பது தனியான ஒரு தேயிலைச் செடியின் பெயர் அன்று. வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திய கறுப்புத் தேயிலையின்மீது பெர்கமாட் என்னும் பழத்தின் தோலிலிருந்து எடுத்த எண்ணெயைச் சிறிதளவு தெளித்துக் கலந்தால் அதுவே எர்ல் கிரே. சீனத் தேயிலை, இலங்கைத் தேயிலை, நம் நீலகிரித் தேயிலை ஆகிய எதையும் இதற்கு அடிப்படையாகக் கொள்வதுண்டு.

பழமும் அது விளையும் நிலமும்

பெர்கமாட் எலுமிச்சை, நாரத்தை முதலியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. கசப்பு ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்து தோன்றிய மரம் இது என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். பழம் ஏறக்குறைய ஆரஞ்சின் அளவு இருக்கும். முதலில் பச்சையாக இருந்து, முதிர்ந்தபின் மஞ்சள் நிறம் கொள்ளும். புளிப்பும் கசப்பும் மிக்க சதையை உடையதாகையால், உரித்து உண்பதற்காக இதை வாங்குவோர் குறைவு. இதன் செல்வமெல்லாம் தோலிலேயே அடங்கியிருக்கின்றது.

உலகில் விளையும் பெர்கமாட்டில் மிகப் பெரும்பகுதி இத்தாலி நாட்டின் தென்கோடியிலுள்ள கலாப்ரியாவில், ரெஜ்ஜோ நகரைச் சார்ந்த குறுகலான கடற்கரை நிலத்திலேயே விளைகின்றது. 1750-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே முதல் தோப்பு வைக்கப்பட்டதாகக் கூறுவர். வேறிடங்களிலும் நட்டுப் பார்த்திருக்கின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டிலும் ஓரளவு பயிராகிறது. ஆயினும் கலாப்ரியாவின் எண்ணெய்க்குள்ள மதிப்பு தனி.

நவம்பர் முதல் மார்ச் வரை காய் பறிக்கும் பருவம். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 200 கிலோ பழம் வேண்டும் என்றால், அதன் விலையை நாம் ஊகித்துக் கொள்ளலாம். முற்காலத்தில் தோலைக் கையால் உரித்து, கடற்பஞ்சின்மீது அழுத்திப் பிழிவார்கள். பஞ்சில் ஊறிய எண்ணெயைப் பின்னர்ப் பாத்திரத்தில் பிழிந்தெடுப்பார்கள். 1844-இல் ரெஜ்ஜோவைச் சேர்ந்த நிக்கோலா பரில்லா என்பவர் இவ்வேலைக்கு ஒரு யந்திரத்தை அமைத்தார். இன்று யந்திரங்கள் தோலின் மேற்பரப்பைச் சுரண்டி, நீர் தெளித்து, எண்ணெயைத் தனியே பிரிக்கின்றன. நெருப்பில் காய்ச்சாமல் பிழிவதால் பழத்தின் இயல்பான மணம் கெடாமல் எண்ணெயில் நிற்கிறது.

இந்த எண்ணெயைத் தேயிலைக்காரர்கள் அறியுமுன்பே வாசனைத் திரவியக்காரர்கள் அறிந்திருந்தனர். ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரில் 1709-இல் தொடங்கிய பரீனா நிறுவனத்தின் புகழ்பெற்ற வாசனை நீரில் பெர்கமாட்டே முக்கியமான சரக்கு.

மணம் பொருந்துவதன் காரணம்

எத்தனையோ பழங்கள் இருக்க, பெர்கமாட் மட்டும் தேயிலையுடன் இவ்வளவு இணங்குவது ஏன்? இதற்கு இரசாயன நூலார் தரும் விடை சுவையானது. பெர்கமாட் எண்ணெயில் லிமொனீன், லினலைல் அசிடேட், லினலூல் என்னும் பொருள்கள் முக்கியமானவை. லிமொனீன் எலுமிச்சைத் தோலில் நாம் முகரும் மணத்தைத் தருவது. லினலூல் மலரின் மணம் உடையது. இந்த லினலூல் கறுப்புத் தேயிலையிலும் இயல்பாகவே இருக்கின்றது. உயர்ந்த மலைச்சரிவுகளில் விளைந்த நல்ல தேயிலையின் மலர்மணத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே பெர்கமாட் சேரும்போது, தேயிலையில் மெல்லியதாக இருந்த ஒரு மணம் எடுப்பாகத் தெரிகின்றது. பாடகரின் சுருதியோடு தம்பூரா இழைவதைப் போன்ற பொருத்தம் இது.

தேயிலையின் துவர்ப்பும் இதற்குத் துணை செய்கின்றது. துவர்ப்பு இல்லாத மெல்லிய இலையில் எண்ணெய் தனியே மிதப்பதுபோல் நாவில் படும். சாரமுள்ள இலையிலோ துவர்ப்பு அதைத் தாங்கி நிற்கும். எண்ணெய் அளவு மீறினால் தேநீர் சோப்பு நெடி அடிக்கிறது என்று சொல்லிக் கோப்பையைத் தள்ளிவிடுவோர் உண்டு. அவர்கள் சொல்வதில் தவறில்லை. சோப்பு முதலியவற்றுக்கு மணம் ஊட்டுவதிலும் இதே பொருள்கள் பயன்படுகின்றன அல்லவா?

அளவின் அருமைக்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 2011-இல் இங்கிலாந்தின் ட்வைனிங்ஸ் நிறுவனம் தன் எர்ல் கிரேயின் பக்குவத்தை மாற்றி, எலுமிச்சைச் சாயலைக் கூட்டி விற்பனைக்கு விட்டது. பழைய சுவைக்குப் பழகிய வாடிக்கையாளர்கள் கடுமையாக ஆட்சேபித்தார்கள். பழைய பக்குவத்தையும் மீண்டும் விற்கவேண்டியதாயிற்று.

கதையும் உண்மையும்

சார்ல்ஸ் கிரே பிரபு 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதம மந்திரியாக இருந்தவர். 1832-இல் பார்லிமெண்டுச் சீர்திருத்தச் சட்டமும், 1833-இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அவர் ஆட்சியில் நிறைவேறின. அவருடைய ஆட்கள் சீன அதிகாரி ஒருவரின் மகனை ஆபத்திலிருந்து காப்பாற்றினர் என்றும், நன்றியறிதலாக அவ்வதிகாரி இத்தேயிலையை அனுப்பினார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கிரே பிரபு சீனாவில் கால் வைத்தவரே அல்லர். தேயிலைக்குப் பெர்கமாட் எண்ணெய் சேர்ப்பது சீன வழக்கமும் அன்று. சீனர்கள் மல்லிகை முதலிய மலர்களை இலையுடன் அடுக்கி மணம் ஏற்றுவார்கள்.

பழைய ஏடுகள் கூறும் செய்தி வேறு. அக்காலத்து இங்கிலாந்தில் தேயிலை விலை உயர்ந்த சரக்கு. தாழ்ந்த தரமுள்ள இலைக்குப் பெர்கமாட் எண்ணெய் தடவி, உயர்ந்த சீன இலைபோல் காட்டி விற்ற வியாபாரிகள் இருந்தனர். 1837-இல் பிராக்ஸாப் என்னும் கம்பெனியின்மீது இத்தகைய குற்றச்சாட்டு நியாயஸ்தலத்துக்கு வந்ததாகப் பதிவு உண்டு. உள்நாட்டிலேயே பெர்கமாட் ஏற்றிச் செயற்கையாக மணமூட்டிய தேயிலையை அனுப்பினார்கள் என்பதே வழக்கு. 'கிரே' என்னும் பெயர் தேயிலையுடன் சேர்ந்து வருவதை 1850-களிலிருந்தே காண்கிறோம். 'எர்ல் கிரே' என்னும் முழுப் பெயரோ 1880-களில், லண்டன் ஜெர்மின் தெருவிலிருந்த சார்ல்டன் கம்பெனியின் விளம்பரங்களில்தான் முதலில் தென்படுகின்றது.

அங்கத்தினர்கள் இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1837-இல் குற்றமாகக் கருதப்பட்ட அதே எண்ணெய், ஐம்பது ஆண்டுகளுக்குள் பெருமைக்குரிய சரக்காயிற்று. முன்பு அதை மறைத்துச் சேர்த்தார்கள். பின்பு பெயரிட்டுச் சொல்லிச் சேர்த்தார்கள். சொல்லிச் சேர்த்தவுடன், வாங்குபவர் அந்த மணத்துக்காகவே தேடி வந்து விலை கொடுத்தார்கள். மறைத்துப் பெறும் இலாபம் ஒருநாள் வழக்கில் முடியும். அறிவித்துப் பெறும் இலாபம் தலைமுறை தலைமுறையாக வரும்.

தோப்புக்காரரின் பாடு

இவ்வளவு மதிப்புள்ள பழத்தைப் பயிரிட்டோர் எக்காலமும் சுகமாக வாழ்ந்தனர் என்று எண்ணிவிடக் கூடாது. எண்ணெயின் மணத்துக்குக் காரணமான பொருள்களை இரசாயனச் சாலைகளில் மலிவாகச் செய்யும் வழி ஏற்பட்டபின், வாசனைத் தொழிலிலும் தேயிலைத் தொழிலிலும் செயற்கைச் சரக்குப் புகுந்தது. இயற்கை எண்ணெயிலும் அதைக் கலந்தார்கள். விலை வீழ்ந்த காலத்தில் கலாப்ரியாவில் பலர் தோப்புக்களைக் கைவிட்டார்கள். தனித்தனியாக நின்ற சிறு தோப்புக்காரர் எண்ணெய் வியாபாரியிடம் பேரம் பேசும் வலிமை அற்றிருந்தனர்.

அவர்களுக்கு உதவியாக வந்தவை இரண்டு. உற்பத்தியாளர்கள் சங்கமாகக் கூடிப் பழத்தை ஒன்றுசேர்த்து விற்கும் ஏற்பாடு ஒன்று. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு மற்றொன்று. 2001-இல் ஐரோப்பியச் சமூகம் ரெஜ்ஜோ கலாப்ரியாவின் பெர்கமாட் எண்ணெய்க்குப் பிறப்பிடப் பெயர்க் காப்பு வழங்கியது. குறிப்பிட்ட நிலத்தில் விளைந்து, குறிப்பிட்ட முறையில் எடுத்த எண்ணெய் அன்றி வேறெதுவும் அப்பெயரைத் தாங்கக் கூடாது என்பது அதன் பொருள். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்றதன் நோக்கமும் இதுவே என்பதை நம் நெசவாளர்கள் அறிவார்கள்.

நீலகிரியிலும் இதன் பாடம் பொருந்தும். அங்குள்ள சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்குத் தலைமைச் சங்கமாக 1965-இல் இண்ட்கோசர்வ் ஏற்பட்டது. நீலகிரி இலையில் பெரும்பகுதி பிறருடைய கலவைகளில் சேர்ந்து, தன் பெயரை இழந்து விற்பனையாகின்றது. இலைக்குக் கிடைப்பது இலையின் விலை மட்டுமே. மணமும் பெயரும் ஊட்டியபின் வரும் விலை, அவற்றை ஊட்டியவருக்கே போய்ச் சேர்கிறது. பெயரைக் காத்துக்கொள்ளும் வல்லமை சங்கமாகக் கூடியவருக்கே உண்டு.

தயாரிக்கும் முறை

எர்ல் கிரேயை நம் வீட்டுத் தேநீர்போல் பாலும் நீரும் சேர்த்துக் கொதிக்கவைத்தல் கூடாது. மண எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், கசப்பே எஞ்சும். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலையைப் பாத்திரத்தில் இட்டு, நன்கு கொதித்த நீரை அதன்மீது ஊற்றி மூடிவைக்க வேண்டும். மூன்று அல்லது நான்கு நிமிஷத்தில் வடித்துவிடலாம். முதலில் பாலின்றிப் பருகிப் பார்த்தல் நலம். சர்க்கரை வேண்டுவோர் சிறிது சேர்த்துக்கொள்ளலாம்.

இலையைக் காற்றுப் புகாத தகர டப்பாவில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். தேயிலை அயல் மணத்தை விரைவில் பற்றும் இயல்புடையது. அஞ்சறைப் பெட்டியின் அருகில் வைத்தால் பெர்கமாட்டுக்குப் பதிலாகச் சீரகம் மணக்கும். நாள் சென்ற எண்ணெய் தன் புதுமை கெட்டு நெடி அடிக்குமாதலால், சிறிது சிறிதாக வாங்குவது சிக்கனம்.

மிதம் இதிலும் அவசியம். நாளொன்றுக்கு நான்கு லிட்டர் அளவு எர்ல் கிரே பருகிய ஆஸ்திரிய நாட்டவர் ஒருவருக்குத் தசைப்பிடிப்பு உண்டானதாகவும், சாதாரணக் கறுப்புத் தேநீருக்கு மாறியபின் அது நீங்கியதாகவும் 2002-இல் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் செய்தி வந்தது. பெர்கமாட்டிலுள்ள பெர்காப்டென் என்னும் பொருளே காரணமாக இருக்கலாம் என்று வைத்தியர்கள் கருதினர். ஒன்றிரண்டு கோப்பை பருகுவோர் இதற்காக அஞ்ச வேண்டுவதில்லை.

வாங்கும்போது உறையில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். பெர்கமாட் எண்ணெய் என்று எழுதியிருக்கிறதா, வெறுமனே மணச்சரக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் சரக்கின் தன்மையை ஓரளவு அறியலாம். மலிவுச் சரக்கும் வேண்டியவருக்கு ஆகும். அதை அறிந்து வாங்க வேண்டும் என்பதே நாம் சொல்வது.

நம் சங்கத்தின் துணியிலும் விளைபொருளிலும் சேர்ந்திருப்பது எதுவாயினும், அதை முத்திரைச் சீட்டில் தெளிவாக எழுதுவோமாக. சேர்த்ததைச் சொல்லும் துணிவு உள்ளவரிடத்திலேயே வாங்குவோரின் நம்பிக்கை நிலைத்திருக்கும்.